ஃபைபர் படகுக்குப் பட்டி பூசாதீங்க

"கார் பட்டி ரெண்டு கிலோ வாங்கிடுண்ணா, இழுத்துத் தேய்ச்சு பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்."

பழைய பெடல் போட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போது முதலில் காதில் விழும் யோசனை இதுதான். சொல்கிறவர் பெரும்பாலும் டிங்கரிங் பட்டறைக்காரர். காருக்கு அவர் சொல்வது சரி. கார் மழையில் நனையும், பிறகு காயும். படகு தண்ணீரிலேயே கிடக்கும். பள்ளத்தை நிரப்பப் பூசும் அந்தக் கார் பட்டியில் கணிசமான பங்கு டால்க் மாவு. அது தண்ணீரைக் குடித்து ஊதும், மேலே அடித்த பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பும், சீசன் பாதியில் பட்டி மொத்தமாகக் கழன்று ஏரிக்குள் போகும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சீட் பக்கம், அழகுக்கு வேண்டுமானால் பூசிக்கொள்ளுங்கள். கீழே வேண்டாம்.

பாலாறு பெரும்பாலான மாதம் மணலாகக் கிடக்கும் வேலூர்ச் சீமையில் படகு ரிப்பேரா என்று சிரிக்காதீர்கள். ஏலகிரியில் புங்கனூர் ஏரி இருக்கிறது. ரிசார்ட்டுகளில் குளம் வெட்டி விட்டிருக்கும் படகுகள் இருக்கின்றன. மீன்பாசி ஏலம் எடுத்தவர்கள் ஏரியில் வைத்திருக்கும் சின்னத் துடுப்புப் படகுகளும் உண்டு. இவற்றில் ஃபைபர் படகு வந்துவிட்டால் மரப்படகுத் தச்சருக்கு அங்கே வேலையில்லை. கடற்கரை ஊர் என்றால் தெருவுக்கு ஒருவர் ஃபைபர் வேலை தெரிந்தவர் இருப்பார். நம் பக்கம் தண்ணீர்த் தொட்டி, கூரை ஷீட், கெமிக்கல் தொட்டிக்கு லைனிங் போடுகிற ஃபைபர் ஆட்களைத்தான் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் திரவம்) மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) நன்றாகத் தெரியும். படகு எங்கே வளையும், எங்கே தண்ணீர் நுழையும் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையை ஓரம் கட்டிவிடலாம். "நம்ம ஏரி நல்ல தண்ணிதானே, உப்பா, அரிக்கிறதுக்கு?" இரும்புக்கு அந்தக் கணக்கு சரி. ஃபைபருக்குத் தலைகீழ். ஃபைபரின் மேல்தோலான ஜெல்கோட் பார்வைக்குக் கண்ணாடி போல இருந்தாலும் மிக மிக மெதுவாகத் தண்ணீரை உள்ளே விடும். உள்ளே சரியாகக் கலக்காத, சரியாக இறுகாத ரெசின் இருக்கும் இடத்தில் அந்தத் தண்ணீர் சில பொருள்களைக் கரைத்துக்கொண்டு அடர்ந்த திரவமாகிவிடும். வெளியே இருக்கும் தண்ணீர் எவ்வளவு நீர்த்ததாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக உள்ளே இழுக்கப்படும். கடல் தண்ணீரைவிட ஏரித் தண்ணீரில் கொப்புளம் சீக்கிரம் வருவதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். வருஷம் முழுக்க ஏரியிலேயே கட்டிக்கிடக்கும் படகையும், வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கும் படகையும் ஐந்து வருஷம் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக விளக்கம் தேவைப்படாது.

எங்கே கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய கருவி ஒரு பத்து ரூபாய் நாணயம். படகைக் கவிழ்த்து, பாசியைக் கழுவி, காயவிட்டு, இரண்டு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டிங்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் மார்க்கரால் கோடு போடுங்கள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைவிட மார்க்கர் வட்டம் மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். ரிப்பேரின் அளவு அந்த வட்டம்தான். ஓட்டையை வைத்து அளக்கக் கூடாது.

விரிசலையும் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலை மாதிரி நாலாபக்கமும் ஓடினால் அங்கே அடி விழுந்திருக்கிறது. படித்துறைக் கல்லிலோ இன்னொரு படகின் மூக்கிலோ இடித்திருக்கும். மூலையை ஒட்டி, ஒன்றுக்கொன்று இணையாக, மயிர் மாதிரி நாலைந்து கோடுகள் போனால் அந்த இடம் வளைந்து வளைந்து நெளிகிறது என்று அர்த்தம். ஆட்கள் ஏறும்போது கால் வைக்கும் தளம், சீட் முடிந்து தரை தொடங்கும் மூலை, இரண்டும் இதற்குப் பேர்போனவை. இந்த இரண்டாவது வகையை மேலே மட்டும் அடைத்தால் மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே கோடு. அடிப்பக்கம் போய் இரண்டு அடுக்கு மேட் ஏற்றி விறைப்பாக்கிவிட்டுத்தான் மேலே கை வைக்க வேண்டும்.

அடுத்தது காயவைத்தல். பொறுமை இல்லாதவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். ஈரமான ஃபைபர் மேல் போட்ட ரெசின் ஒட்டின மாதிரி தெரியும், ஒட்டாது. படகை மரக்கட்டை மேல் கவிழ்த்து, டிரெயின் பிளக்கைத் திறந்து, நிழலான காற்றோட்டத்தில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். கொப்புளம் இருந்தால் அவற்றை உடைத்துத் திறந்து, வரும் திரவத்தை நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு இந்த இரண்டு வாரக் கணக்கைத் தொடங்க வேண்டும். உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் பீச்சியடிக்கும், வினிகர் மாதிரி புளிப்பு வாசம் வரும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். ஒரு சாண் சதுரம் தெளிவான பாலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடி, ஒரு பகல் ஒரு ராத்திரி விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள். அவசரத்துக்கு ஹாலஜன் விளக்கு வைக்கலாம், ஆனால் கை வைத்தால் தாங்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. ஹாட் கன் பிடித்தால் நல்லாயிருக்கும் அடுக்கும் பிரிந்துவிடும்.

பெடல் போட்டில் இன்னொரு கண்ணி உண்டு. மேல் ஓடு, கீழ் ஓடு என்று இரண்டு ஓடுகளை ஒட்டி, நடுவில் மிதப்புக்காக ஏதாவது அடைத்திருப்பார்கள். மஞ்சளாகப் பொரிந்த பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் என்றால் கவலையில்லை, தண்ணீர் ஊறியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பலாம். வெள்ளைத் தெர்மோகோல் என்றால் நிதானம். வழக்கமாகப் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பான் தெர்மோகோலைச் சர்க்கரைப் பாகு மாதிரி கரைத்துவிடும். ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று நிமிரும்போது உள்ளே மிதப்புக்கு இருந்த கட்டி குழம்பாகி, அதன் மேல் போட்ட மேட் குழிந்து தொங்கும். தெர்மோகோல் தெரியும் இடத்தை முதலில் அலுமினியம் டேப்பால் முழுசாக மூடுங்கள், அல்லது அந்த வேலைக்கு மட்டும் எபாக்ஸி என்ற வேறு ரக ரெசினை எடுங்கள். எபாக்ஸி தெர்மோகோலைத் தொடாது. இதே காரணத்தால் ரெசினைத் தெர்மோகோல் கப்பில் கலக்கவும் கூடாது. மெழுகு தடவிய பேப்பர் கப்பும் வேண்டாம், அந்த மெழுகு ரெசினில் கலந்து ஒட்டுதலைக் கெடுக்கும். காலி ஐஸ்கிரீம் டப்பா உத்தமம்.

தேய்ப்பதற்கு முன்னால் அசிட்டோன், பிசுக்கைக் கரைக்கும் திரவம். பின்னால் இல்லை, முன்னால். பழைய மெழுகு, பாலிஷ், கைப்பிசுக்கு எல்லாம் மேலே இருக்கும்போதே கிரைண்டரை வைத்தால் அது அத்தனையையும் கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் வராது. சுத்தமான பருத்தித் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன்னால் இன்னொரு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் அழுக்கை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

பிறகு ஆங்கிள் கிரைண்டரில் 36 அல்லது 40 நம்பர் டிஸ்க். செத்த சத்தம் வந்த இடத்தை எல்லாம் கெட்டியான, நிறம் ஒரே மாதிரியான ஃபைபர் வரும் வரை எடுத்துவிடுங்கள். வெளுத்து, நார் நாராகத் தெரிகிற எதையும் மிச்சம் வைக்காதீர்கள். அதற்கப்புறம் ஓட்டையைச் சுற்றிச் சாய்வு கொடுக்க வேண்டும். கணக்கு 1-க்கு 12. ஓடு 4 மி.மீ. தடிமன் என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளியே 48 மி.மீ., அதாவது சுமார் 5 செ.மீ. தூரம், தட்டு மாதிரி படிப்படியாகச் சரிந்து வர வேண்டும். 10 செ.மீ. ஓட்டைக்கு 20 செ.மீ. வட்டம் ஆகிறது. "இத்தனூண்டு ஓட்டைக்கு இவ்ளோ பெரிய பள்ளமா?" என்று படகுக்காரர் முகம் சுளிப்பார். புது ரெசின் பழைய ஃபைபரோடு கரைந்து ஒன்றாவதில்லை. வெறும் ஒட்டுதல்தான். ஒட்டுகிற பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் பலம். செங்குத்தாக வெட்டிய ஓட்டைக்குள் மேட்டைத் திணித்தால் அது பாட்டிலுக்கு மூடி மாதிரி. ஒரு இடியில் அப்படியே உள்ளே விழும்.

தேய்க்கும்போது என்95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டால் அரிப்பு குறையும். முடித்ததும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் கூடாது. அந்தத் துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கப் போட்டால் வீடே சொறியும்.

இப்போது ரெசின். நம் ஊர்க் கடைகளில் சும்மா "ரெசின்" என்று கேட்டால் கிடைப்பது ஜி.பி., அதாவது பொதுவேலை ரகம். கூரை ஷீட்டுக்கும் சிலைக்கும் போதும். தண்ணீரில் கிடக்கும் ஓட்டுக்கு ஐசோ ரெசின் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். விலை கூடும், தண்ணீர் தாங்கும். டின்னில் தேதி பாருங்கள். குளிர்ந்த இடத்தில் வைத்தாலே சில மாதம்தான் ஆயுள். சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்கடியில் கிடந்த டின் அதற்கும் முன்னாலேயே கெட்டுவிடும். ஊற்றும்போது தேன் மாதிரி இழையாமல் ஜெல்லி மாதிரி துண்டு துண்டாக விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரெசினோடு இரண்டு சின்ன பாட்டில் வரும். கத்தரிப்பூ நிறத்தில் இருப்பது கோபால்ட், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டர். தண்ணீர் மாதிரி இருப்பது எம்.இ.கே.பி., ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட். இவை இரண்டும் நேரடியாக ஒன்றையொன்று தொடக் கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே சிரிஞ்சை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூடத் தப்பு. முதலில் ரெசினில் கோபால்ட், நன்றாகக் கலக்கல், அப்புறம்தான் கேட்டலிஸ்ட். சில ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்தே வரும், லேசான ஊதா அல்லது ரோஸ் சாயல் தெரியும், கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாக வாங்கினால் அதன் அடர்த்தியையும் கேட்க வேண்டும். 1 சதவீதக் கரைசல் என்றால் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். 6 சதவீதம் என்றால் 0.2 கிராம் அளவுதான். இது தெரியாமல் இரண்டையும் "ஒரு மூடி" என்று ஊற்றுகிறவர்கள்தான் டப்பாவோடு ரெசின் புகைந்தது என்று வந்து நிற்பார்கள்.

கேட்டலிஸ்ட் 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. சிரிஞ்சால் எடுப்பதானால் 1 மில்லி ஏறக்குறைய 1.1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் வேலூர் வெயில் தன் வேலையைக் காட்டும். சூடு 10 டிகிரி கூடினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 30 டிகிரியில் 20 நிமிஷம் கையில் நிற்கும் கலவை, கத்தரி வெயில் 40 டிகிரியில் 10 நிமிஷம்கூட நிற்காது. சரி, கேட்டலிஸ்ட்டை அரை சதவீதமாகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் மேலுக்கு இறுகின மாதிரி இருக்கும், உள்ளே முழுசாக இறுகவே இறுகாது. அந்த அரைவேக்காட்டு ரெசின்தான் நாளைய கொப்புளம். மாற்ற வேண்டியது அளவை இல்லை, நேரத்தை. காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடியுங்கள். ஒரு தடவைக்கு 100, 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். படகை முந்தின நாள் சாயங்காலமே நிழலுக்கு நகர்த்திவிடுங்கள். நேர் வெயிலில் ஸ்டைரீன் பறந்துவிடும், மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

ஏலகிரியில் கதை வேறு. மலையேறும் 14 கொண்டை ஊசி வளைவைத் தாண்டினாலே காற்று மாறிவிடும். மார்கழி, தை ராத்திரியில் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது பாலியஸ்டர் ரெசின் தூங்கிவிடும். அங்கே காலை 10 மணிக்கு மேல் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்தால் ராத்திரிக் குளிர் வருவதற்குள் முக்கால்வாசி இறுகியிருக்கும். கேட்டலிஸ்ட் 1.5 முதல் 2 சதவீதம் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு இடத்திலும் வேண்டாம். மே மாதக் கோடைக் கூட்டத்துக்குப் படகு தயாராக வேண்டுமென்றால் தை முடியும்போதே கரையேற்றிவிட வேண்டும். மாசி, பங்குனிதான் ஃபைபர் வேலைக்கு முகூர்த்த மாதம். ஏப்ரல் கடைசியில் ஆள் தேடினால் பட்டிக்காரர்தான் கிடைப்பார்.

எந்த இடமானாலும் முதலில் 50 கிராம் கலந்து சோதனை. டப்பாவில் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். 15 முதல் 25 நிமிஷத்துக்குள் ஜெல்லியானால் அன்றைய அளவு அதுதான். மிச்சமான ரெசினை டப்பாவோடு குப்பையில் போடாதீர்கள். குவியலாக இருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். தகரத்தட்டில் மெல்லிசாக ஊற்றி இறுகவிட்டுப் பிறகு எறியுங்கள்.

மேட் வெட்டுவதற்கு வருவோம். மேலே சொன்ன 20 செ.மீ. வட்டத்துக்கு 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் ஒரு அடுக்கு போட்டால் சுமார் 1 மி.மீ. தடிமன் வரும். 4 மி.மீ. ஓட்டுக்கு நாலு வட்டம்: 20, 17.5, 15, 12 செ.மீ. நாலும் சேர்ந்து 38 கிராம் எடை இருக்கும். மேட்டுக்கு அதன் எடையைப் போல இரண்டே கால் மடங்கு ரெசின் என்றால் 86 கிராம். பிரஷ் குடிப்பது, தரை குடிப்பது எல்லாம் சேர்த்து 125 கிராம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிபடும் இடமென்றால் நடு அடுக்கில் ஒன்றுக்குப் பதில் 600 ஜி.எஸ்.எம். ரோவிங் துணி, அதாவது தடித்த கண்ணாடி இழையால் நெய்த துணி, போடலாம். அதற்கு ரெசின் எடைக்கு எடை போதும். ரோவிங் மேல் ரோவிங் நேரடியாகப் போடாதீர்கள், நடுவே ஒரு மேட் இருந்தால்தான் கவ்வும்.

எந்த வட்டம் முதலில் என்பதில் பட்டறைக்குப் பட்டறை சண்டை. சின்னதைக் குழியில் வைத்து மேலே பெரிசு பெரிசாக மூடுவதுதான் பலருக்கும் வழக்கம். நாங்கள் பெரியதை முதலில் போடுகிற கட்சி. சாய்வு முழுவதையும் ஒரே முழு அடுக்கு பிடித்துக்கொள்ளும். பின்னால் மட்டம் தட்டித் தேய்க்கும்போது வெட்டுப்படுவது மேலே இருக்கும் சின்ன வட்டங்கள்தான், அடியில் பிடித்திருக்கும் பெரியது அறுபடாது.

தேய்த்த இடத்தில் முதலில் வெறும் ரெசினைப் பிரஷ்ஷால் தடவி, அதன் மேல் மேட்டை வையுங்கள். மேலிருந்து இன்னும் கொஞ்சம் ரெசின். இப்போது இழுக்காதீர்கள். பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து, நுனியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் மேட் நார் நாராகப் பிய்ந்து பிரஷ்ஷோடு வரும். அரை நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். பஞ்சு போல வெள்ளையாக இருந்த மேட், அதன் பசை ஸ்டைரீனில் கரையக் கரைய, தொய்ந்து படிந்து ஈரக் கண்ணாடி மாதிரி தெளியும். அடியில் இருக்கும் மார்க்கர் கோடு தெரிய வேண்டும். வெள்ளையாகத் தங்குகிற இடமெல்லாம் காற்று. பல் வெட்டிய இரும்பு ரோலரால் நடுவிலிருந்து விளிம்புக்கு மெதுவாக உருட்டினால் குமிழி வெளியே ஓடும். ரெசின் தேங்கி மினுமினுத்தால் அதுவும் தப்பு. கண்ணாடி இழை இல்லாத ரெசின் வெறும் ஓடு, அடி விழுந்தால் உடையும். மூன்று நாலு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். சூடேறிச் சுருங்கி விளிம்பு எழும்பும்.

உள்பக்கம் கை போகாத இரட்டை ஓட்டுப் படகில் ஓட்டைக்குப் பின்னால் பிடிமானம் வேண்டுமே? ஓட்டையை நீள்வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பாலித்தீன் மேல் 300 ஜி.எஸ்.எம். மேட் இரண்டு அடுக்கு போட்டு, ஓட்டையைவிட நாலு பக்கமும் 3 செ.மீ. பெரிதாக ஒரு நீள்வட்டத் தகடு செய்யுங்கள். நடுவில் இரண்டு துளை, அதில் கட்டுக்கம்பி. விளிம்பில் எபாக்ஸியும், அதைக் கெட்டியாக்கும் ஏரோசில் பவுடரும் கலந்த களியைத் தடவி, தகட்டைக் குறுக்கே சாய்த்து உள்ளே நுழைத்து, திருப்பி, கம்பியைப் பிடித்து வெளியே இழுங்கள். ஓட்டைக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்துக் கம்பியை முறுக்கினால் தகடு உள்பக்கம் கவ்விக்கொள்ளும். மறுநாள் கம்பியை நறுக்கிவிட்டுத் தகட்டைத் தேய்த்து, அதன் மேல் வழக்கம்போல அடுக்கு. நுழைக்கும்போது தகடு உள்ளே விழுந்துவிட்டால் படகு உள்ள வரை கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கம்பியை விடாதீர்கள்.

எபாக்ஸி பற்றிக் கேட்பவர்களுக்கு: பழைய ஃபைபர் மேல் அது பாலியஸ்டரைவிட நன்றாகவே ஒட்டும், குறைவாகச் சுருங்கும். விலை பல மடங்கு. ஆனால் சாதாரண மேட்டை எபாக்ஸியோடு போடக் கூடாது, மேட்டின் பசை கரைய ஸ்டைரீன் வேண்டும், எபாக்ஸியில் அது இல்லை. நெய்த துணிதான் எடுக்க வேண்டும். எபாக்ஸியில் ஹார்ட்னரைக் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பதும் இல்லை, கெடத்தான் செய்யும். டப்பாவில் சொன்ன விகிதம், அவ்வளவுதான். எபாக்ஸி போட்ட இடத்தின் மேல் மறுபடி பாலியஸ்டர் ஒழுங்காகப் பிடிக்காது, எனவே அங்கே முடிவில் பெயின்ட் என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மயிரிழை விரிசலுக்கு மேட் வேண்டாம். கூர்மையான முக்கோண ஸ்கிரேப்பரால் விரிசல் ஓடும் வழியே வி வடிவில் கீறித் திறந்து, முனை முடியும் இடத்தைத் தாண்டி அரை செ.மீ. வரை போய், அசிட்டோன் துடைத்து, ஜெல்கோட் களியால் கொஞ்சம் மேடாகவே நிரப்புங்கள். இறுகும்போது சுருங்கும்.

ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாக நிற்கும் ரகம். கெட்டுவிட்டது என்று பயந்து சுரண்டி எடுக்காதீர்கள். முதல் கோட்டுக்கு அந்தப் பிசுபிசுப்பு நல்லது, அடுத்தது அதில் ஒட்டும். கடைசிக் கோட்டில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்தது வேண்டும். சின்ன இடமென்றால் ஓ.எச்.பி. ஷீட் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒன்றை மேலே வைத்து, காற்றை நீவி எடுத்து, டேப் ஒட்டிவிட்டால் போதும். மறுநாள் உரித்தால் கண்ணாடி மாதிரி வரும். அளவு சதுர மீட்டருக்கு 600 கிராம் போட்டால் அரை மி.மீ. நம் 20 செ.மீ. வட்டத்துக்கு 19 கிராம்தான். வீணாவதையும் சேர்த்து 40 கிராம் கலந்தால் இரண்டு கோட்டுக்குச் சரியாக இருக்கும்.

நிறம் சேர்ப்பது தனிக் கலை. பத்து வருஷம் வெயில் குடித்த சிவப்பு இப்போது இட்லிப்பொடி நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்துக் கலக்காதீர்கள். முதலில் பக்கத்தில் ஒரு கையகலம் ரப்பிங் கம்பவுண்டு போட்டுத் தேய்த்து, உள்ளே இருக்கும் அசல் நிறத்தை வெளியே கொண்டுவந்து, அதற்குச் சேருங்கள். பிக்மென்ட்டைக் கேட்டலிஸ்ட் போடுவதற்கு முன்னாலேயே கலந்து முடிக்க வேண்டும். ஒரு சொட்டைப் படகின் மேலேயே வைத்து இறுகவிட்டுப் பாருங்கள், ஈரத்தில் ஒரு நிறம், இறுகியபின் ஒரு நிறம். அப்புறம் 220, 400, 600, 1000 என்று தண்ணீர்ப் பேப்பர், கடைசியில் கம்பவுண்டு. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் கீறல் வெயிலில் காட்டிக்கொடுக்கும். பாலிஷ் போடும் முன் அசிட்டோன் துணியால் ஒரு தேய்ப்பு. துணியில் நிறம் ஏறினாலோ இடம் ஒட்டினாலோ இன்னும் இறுகவில்லை.

முழுப் படகுக்கும் பெயின்ட் என்று முடிவானால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. பெயின்ட் நன்றாக நிற்கும். எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியில் அது கொப்பளிக்கும். அங்கே ஜெல்கோட் அல்லது எபாக்ஸி கோட்டிங். சாதா எனாமல் எங்கேயும் வேண்டாம்.

ஓடு எல்லாம் சரி, இன்னும் தண்ணீர் ஏறுகிறதா? அப்போது ஓட்டில் தேடாதீர்கள். இரண்டு ஓடும் சேரும் விளிம்பில் ரப்பர் பீடிங் அடித்திருப்பார்கள். அதன் அடியில் ரிவெட் துளைகள் தளர்ந்திருக்கும். பீடிங்கைக் கழற்றி, துளைகளை ஏரோசில் களியால் அடைத்து, புதிய இடத்தில் துளைபோட்டு, பி.யூ. சீலன்ட் வைத்து அடியுங்கள். சிலிக்கான் வைக்காதீர்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் இனி ரெசினும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. பெடல் ஷாஃப்ட் போகும் துளையும் அப்படித்தான். ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ் ஆடி ஆடி, வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். புஷ்ஷை மட்டும் மாற்றினால் பத்து நாள் தாங்கும். துளையைச் சுற்றி 5 செ.மீ. தேய்த்து, நறுக்கிய கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கலந்த களியால் முழுசாக அடைத்து, இரண்டு பக்கமும் நெய்த துணி இரண்டு அடுக்கு போட்டு, ஒரு வாரம் கழித்து இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வருமாறு நூல் பிடித்துத் துளைபோடுங்கள். நேர்கோடு தவறினால் பெடல் கனக்கும், புதுப் புஷ்ஷும் ஒரு மாதத்தில் தின்றுபோகும்.

எம்.இ.கே.பி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். அந்த பாட்டிலைத் திறக்கும் முன் கண்ணாடி, பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர். தெறித்தால் குறைந்தது 15 நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவமனை. பாட்டிலை ஷீட் கூரைக் கொட்டகையில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம்.

கடைசி அடுக்கு போட்டபின் கீழே வேலூர்ச் சூட்டில் ஒரு வாரம், மலைமேல் குளிர்காலமென்றால் இரண்டு வாரம் கழித்துத் தண்ணீரில் இறக்கலாம். இறக்கும் முன் பீடிங் விளிம்பு, புஷ், ஒட்டுப் போட்ட இடம் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவி, டிரெயின் துளை வழியாகச் சைக்கிள் பம்பால் மெதுவாக நாலைந்து அடி காற்று கொடுங்கள். அதற்கு மேல் அடித்தால் ஓடுகள் பிரியும். நுரை எங்கே கொப்பளிக்கிறதோ அங்கே மறுபடி வேலை. ஏரியில் விட்ட மறுநாள் காலை படகைக் கரையேற்றி டிரெயின் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் வந்தால் முதலில் ஷாஃப்ட் புஷ்ஷைப் பாருங்கள், அப்புறம் பீடிங்.